கங்காணி எதற்கு?

வெளிநாடு சென்று உழைத்துப் பிழைக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளி விரும்பினால் அதை நாம் குற்றமென்று சொல்ல மாட்டோம். பிறந்த மண்ணை விட்டு எவரும் விளையாட்டுக்காகப் புறப்படுவதில்லை. கற்ற தொழிலுக்கு ஏற்ற கூலி கிடைத்தால், பெற்ற பிள்ளைகளையும் வயதான தாய் தந்தையரையும் பிரிந்து கடல் கடந்து போக யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே, போகிறவரைப் பார்த்து "ஏன் போகிறாய்?" என்று கேட்பது நமது வேலையல்ல. இன்று நாம் கேட்கும் கேள்வி வேறு. போகிறவர் எதற்காக இடையில் ஒரு தரகருக்குத் தண்டம் அழ வேண்டும்?

நமது நகரங்களில் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. கங்காரு படம், மேப்பிள் இலை படம், "பி.ஆர். உறுதி" என்ற கொட்டை எழுத்து. உள்ளே போனால் குளிர்ந்த அறை, கோட்டு அணிந்த இளைஞர், கண்ணாடி மேசை. பைல் திறக்க இவ்வளவு, பேப்பர் தயாரிக்க இவ்வளவு, முதல் தவணை இவ்வளவு என்று கணக்கு லட்சத்தைத் தொடுகிறது. தொழிலாளி வீட்டுக்கு வருகிறார். மனைவியின் கழுத்தைப் பார்க்கிறார். மறுநாள் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதற்கடுத்த வாரம் நிலத்துப் பத்திரம் போகிறது. அந்தப் பணத்துக்குத் தரகர் செய்யும் வேலை என்ன? பெரும்பாலும் ஒன்றே ஒன்று: தொழிலாளியிடமே கேட்டு வாங்கிய விவரங்களை, தொழிலாளியே நிரப்பக்கூடிய ஒரு மனுவில் நிரப்புவது!

இந்த வியாபாரம் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனபோது இதே இடத்தில் ஒருவன் நின்றான். அவன் பெயர் கங்காணி. தோட்டத்திலிருந்து ஊருக்கு வருவான். பஞ்சத்தில் கிடந்த கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவான். கப்பல் கூலி, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். மலையேறும் முன்பே தொழிலாளி கடன்காரனாகிவிடுவான். இலங்கையில் "துண்டு" என்று ஒரு சீட்டே இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுவிடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதனுக்கு விலை எழுதிய அந்தச் சீட்டைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆயிற்று. மலேயாவுக்கு ஆள் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது.

கங்காணி எப்படிப் பிழைத்தான்? நம் பாட்டனுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டம் எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு, சட்டம் என்ன, எதுவும் தெரியாது. அந்த அறியாமைதான் கங்காணியின் மூலதனம். இன்று பேரன் ஐ.டி.ஐ. படித்தவன். லேத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைகிறவன். மின்சார வரைபடத்தைப் பார்த்துத் தொழிற்சாலைக்கே ஒளி கொடுக்கிறவன். அவனிடம் அறியாமை இல்லை. அச்சம் மட்டுமே இருக்கிறது. தரகர் அந்த அச்சத்தை விலைக்கு விற்கிறார். அச்சத்துக்குக் காரணம் உண்டா இல்லையா என்று நாம் ஆராய்வோம்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரீசியன், பிட்டர், வெல்டர், மோட்டார் மெக்கானிக், தச்சர் எனத் தொழில் கற்றவர்களை அழைக்கும் நாடு அது. ஆனால் நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அதன் கதவு என்றும் திறந்திருந்ததில்லை. 1901இல் அங்கே ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் செய்தார்கள். அதில் நிறம் என்ற சொல்லே வராது. அதற்குப் பதிலாக ஒரு பரீட்சை வைத்தார்கள். ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை அதிகாரி சொல்வார். வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் பரீட்சை வைத்தால் முடிந்தது கதை!

1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர், பாசிசத்தையும் போரையும் எதிர்த்துப் பேச ஐரோப்பாவிலிருந்து அங்கே சென்றார். இறங்கக்கூடாது என்றார்கள். அவர் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல மொழி அறிந்த அந்த மனிதருக்கு, வேறு வழியின்றி, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! அந்நாட்டு உயர் நீதிமன்றமே, அது சட்டம் கருதிய ஐரோப்பிய மொழி அல்ல என்று சொல்லி அந்தச் சூழ்ச்சியைத் தள்ளிவிட்டது. அந்தப் பரீட்சை 1958இல் ஒழிந்தது. 1966இல் கதவு சிறிது திறந்தது. 1973இல் விட்லம் அரசு நிறவேற்றுமையைக் குடியேற்றக் கொள்கையிலிருந்தே அகற்றியது.

இதை ஏன் விரித்துச் சொல்கிறோம்? அன்று விதி அதிகாரியின் மனத்துக்குள் இருந்தது. கேட்டாலும் சொல்ல மாட்டார். இன்று விதி காகிதத்தில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். விதி மறைவாக இருந்த காலத்தில் வழிகாட்டிக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அச்சிட்டுப் பகிரங்கப்படுத்திய விதிக்குத் தரகு எதற்கு?

அந்த விதிதான் என்ன? மார்க் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பரீட்சை போலத்தான். குறைந்தது 65 மார்க் வேண்டும். வயது 25 முதல் 32 வரை இருந்தால் 30 மார்க். 33 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 15. அழைப்பு வரும் நாளில் 45 ஆகியிருந்தால் கதவு மூடிவிடும். தொழிற்கல்வியை அதற்குரிய மதிப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் 10. அந்நாட்டுக்கு வெளியே கடைசிப் பத்தாண்டில் அதே தொழிலில் 3 ஆண்டு வேலை செய்திருந்தால் 5, 5 ஆண்டானால் 10, 8 ஆண்டானால் 15. ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சிக்கு 10. மிக நல்ல தேர்ச்சிக்கு 20. மணமாகாதவருக்கு 10, மணமானவரின் துணைவர் போதிய ஆங்கிலம் அறிந்திருந்தால் 5, அவரும் பட்டியலிலுள்ள தொழிலில் தகுதி பெற்றவரானால் 10.

ஒரு தோழரை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். வயது 30, ஐ.டி.ஐ. படித்த பிட்டர், ஐந்து ஆண்டு வேலை, மணமானவர். வயதுக்கு 30, படிப்புக்கு 10, வேலைக்கு 10, ஆக 50. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதியிலும் 7 வாங்கினால் 10, ஆக 60. மனைவி அதே பரீட்சையில் நான்கிலும் 6 வாங்கினால் 5, ஆக 65. ஒரு மாநில அரசு பரிந்துரைத்தால் 5 கூடும். நகரங்களை விட்டு வட்டாரப் பகுதியில் குடியிருக்க இசைந்து, 491 என்ற தற்காலிக விசாவுக்குப் பரிந்துரை பெற்றால் 15 கூடும். அவரே ஆங்கிலத்தில் 7ஐ 8 ஆக்கிக்கொண்டால் இன்னும் ஒரு 10.

இந்தக் கணக்கில் ஏஜெண்டுக்கு எத்தனை மார்க்? பூஜ்யம்! கோட்டு அணிந்தவர் கொண்டுவந்த மனு என்பதற்காக ஒரு மார்க் கூட்டும் விதி எங்கும் இல்லை. நேராக வந்த மனு என்பதற்காக ஒரு மார்க் குறைக்கும் விதியும் இல்லை. அப்படியானால் லட்ச ரூபாய் எதற்கு? அதில் ஒரு பகுதியை ஆங்கிலம் கற்கச் செலவிட்டால் பத்து மார்க் வருமே!

"எங்களுக்கு ஆங்கிலம் போதாது, பாரத்தைப் படிக்க முடியாது, அதனால்தான் ஏஜெண்டிடம் போகிறோம்" என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சாகத் தோன்றும். சற்று யோசித்துப் பாருங்கள். மனுச் செய்கிறவர் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் நான்கு பகுதியிலும் குறைந்தது 6 வாங்கியே தீர வேண்டும். அல்லது ஏற்கப்பட்ட வேறு பரீட்சையில் அதற்குச் சமமானதை வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மனுவே இல்லை. அந்தப் பரீட்சையில் தேறியவருக்கு அந்த பாரத்தைப் படிக்கும் ஆங்கிலம் இருக்கிறது. பரீட்சையில் தேறாதவரை எந்த ஏஜெண்டும் அனுப்ப முடியாது. தகுதி உள்ளவருக்குத் தரகர் தேவையில்லை. தகுதி இல்லாதவருக்குத் தரகரால் பயனில்லை. பிறகு எவருக்காகத் தோழர்களே இந்தத் தரகு?

"வழி தெரியாதே!" என்பார்கள். வழி ஐந்து படிதான்.

முதல் படி, தொழிலைப் பட்டியலில் பார்ப்பது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் இருக்கிறது. இந்த விசாக்களுக்குப் பயன்பட்டுவரும் ஆன்ஸ்கோ என்ற வகைப்பாட்டில் பொது எலக்ட்ரீசியனுக்கு 341111. பொது பிட்டருக்கு 323211. அந்த எண்ணுக்குக் கீழே அத்தொழிலாளி செய்யும் வேலைகள் எழுதப்பட்டிருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். நம் ஆலையில் "டெக்னீஷியன்" என்று பெயர் இருக்கும். செய்கிற வேலை பிட்டர் வேலையாக இருக்கும்.

இரண்டாவது படி, தொழில் மதிப்பீடு. தொழிலாளர்களின் தகுதியை மதிப்பிட ஆஸ்திரேலிய அரசின் கீழ் டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு உண்டு. தொழிலையும் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதையும் பொறுத்து, அதனால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் மதிப்பீட்டை நடத்துகின்றன. ஐ.டி.ஐ. சான்றிதழையும் வேலைச் சான்றுகளையும் பார்ப்பார்கள். எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களுக்குக் கேள்வி கேட்டு நேர்காணலும் நடத்துவார்கள். அந்த நேர்காணலில் தொழிலாளிதான் உட்கார வேண்டும். ஏஜெண்டு உட்கார முடியாது. எர்த் இணைப்பை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டால் கோட்டு பதில் சொல்லுமா? கை பதில் சொல்லும்!

மூன்றாவது படி, ஆங்கிலப் பரீட்சை. அதற்கு நேராகப் பணம் கட்டி நேராக எழுதுகிறோம்.

நான்காவது படி, விருப்பத்தைப் பதிவு செய்வது. ஸ்கில்செலக்ட் என்ற அரசுத் தளம் 2012 முதல் இருக்கிறது. அதில் நம் வயது, படிப்பு, வேலை, ஆங்கில மார்க் ஆகியவற்றைப் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. இரண்டு ஆண்டு அது உயிரோடு இருக்கும். இடையில் மார்க் கூடினால் நாமே திருத்தலாம். இந்த இலவசப் பதிவைத்தான் "பைல் போட்டாயிற்று" என்று சொல்லிச் சிலர் ஒரு தவணை வாங்கிவிடுகிறார்கள்! பதிவு செய்வது விசா அல்ல. வரிசையில் நிற்பது மட்டுமே. மாநிலப் பரிந்துரை வேண்டுவோர் அந்தந்த மாநில அரசின் தளத்தில் விதிகளைப் பார்த்து மனுச் செய்யலாம்.

ஐந்தாவது படி, அழைப்பு வந்த பின் மனு. 60 நாள் அவகாசம் உண்டு. அந்நாட்டு உள்துறையின் தளத்தில், இம்மிஅக்கவுண்ட் என்ற நம் சொந்தக் கணக்கில், பாரத்தை நிரப்பிச் சான்றுகளை ஏற்றிக் கட்டணம் கட்ட வேண்டும். கடைசிப் பத்தாண்டில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் நற்சான்று வேண்டும். வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பிய தோழர்கள் இதை மறக்கக்கூடாது. மருத்துவப் பரிசோதனையை உள்துறை பட்டியலிட்ட மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும்.

இந்த ஐந்து படியிலும் பணச் செலவு இல்லையென்று நாம் சொல்லவில்லை. மதிப்பீட்டுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மருத்துவக் கட்டணம் எல்லாம் உண்டு. விசாக் கட்டணம் மட்டுமே ஒருவருக்கு 4,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மனைவி மக்களுக்குத் தனிக் கட்டணம். ஏஜெண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றைக் கட்டத்தான் வேண்டும். ஏஜெண்டின் பணம் இதற்கு மேல் ஏறும் சுமை. இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கப் போகிற முதுகில் இன்னொரு மூட்டையை ஏன் ஏற்ற வேண்டும் என்பதே நம் கேள்வி.

"தவறு செய்துவிட்டால் எல்லாம் போய்விடுமே" என்ற பயத்தையும் பார்ப்போம். தெரியாமல் எழுதிய பதில் தவறென்று பிறகு தெரிந்தால், அதை அறிவித்துத் திருத்துவதற்கென்றே 1023 என்ற எண்ணுள்ள பாரம் இருக்கிறது. எனவே கைப்பிழையைச் சொல்லித் திருத்த வழி உண்டு. ஆனால் கவனமின்மைக்கு மன்னிப்பு இல்லாத ஓர் இடம் இருக்கிறது. நிரூபிக்க முடியாத மார்க்கை விருப்பப் பதிவில் கூட்டிச் சொல்லி, அதன் பேரில் அழைப்பு வாங்கினால், மனு தள்ளுபடியாகும். கட்டிய கட்டணம் திரும்பாது. ஆகவே, கையில் காகிதம் இல்லாத ஒரு மார்க்கையும் எழுதாதீர்கள். நாமே எழுதினால் நமக்கு இந்த எச்சரிக்கை இருக்கும். ஊரான் பணம், ஊரான் பெயர் என்று எழுதுகிறவருக்கு இருக்குமா?

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இப்போது சொல்கிறோம். தரகர்களில் ஒரு சாரார், "அனுபவச் சான்று இல்லையா? கவலைப்படாதீர்கள், நாங்கள் தயார் செய்கிறோம்" என்கிறார்கள். மூன்று ஆண்டு வேலை எட்டு ஆண்டாகிறது. இல்லாத பட்டறைக்கு லெட்டர்பேடு பிறக்கிறது, மார்க் ஏறுகிறது. ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்தில் 4020 என்ற எண்ணுள்ள நிபந்தனை ஒன்று இருக்கிறது. பொய்ச் சான்றோ பொய்த் தகவலோ கொடுத்தால் மனு தள்ளுபடி. மூன்றாண்டுக்கு அந்த நிபந்தனையுள்ள விசா எதுவும் கிடைக்காது. ஆளடையாளத்தை நிரூபிக்கத் தவறினால் பத்தாண்டு. "ஏஜெண்டு செய்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. மனு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். 38 வயதில் மூன்றாண்டுத் தடை வாங்கினால் என்ன ஆகும்? 41 வயதில் வெளியே வருவார். வயது மார்க் 25இலிருந்து 15 ஆகியிருக்கும். நகை போனது, நிலம் போனது, காலமும் போனது! தரகரோ வேறொரு தெருவில் வேறொரு போர்டு தொங்கவிட்டிருப்பார்.

தோழர்களே, இந்தப் பொய்ச் சான்று எங்கே பிறக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். பத்தாண்டு உண்மையாகவே வெல்டிங் செய்த தோழர் நம்மிடையே இருக்கிறார். அவர் தொழிலில் பொய் இல்லை. ஆனால் அவரிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, பி.எப். கணக்கில் பெயர் ஏறவில்லை. ஏன்? அவர் காண்டிராக்ட் தொழிலாளி. கையில் ரொக்கம் கொடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதாமல் வேலை வாங்கினார்கள். அவருடைய பத்தாண்டு உழைப்புக்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் சாட்சி இல்லை. முதலாளி தராத உண்மைச் சீட்டின் இடத்தில்தான் தரகர் பொய்ச் சீட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒருவர் உழைப்பைத் திருடினார். மற்றவர் அந்தத் திருட்டின் மேல் கடை போட்டார்.

ஆகவே, சம்பளச் சீட்டு கேட்பது, நியமனக் கடிதம் கேட்பது, பி.எப்.பில் பெயர் சேர்க்கச் சொல்வது எல்லாம் சில்லறைக் கோரிக்கைகள் என்று எண்ணாதீர்கள். அந்தக் காகிதம்தான் உள்ளூரில் இழப்பீட்டுக்குச் சாட்சி. ஓய்வுக் காலத்துக்குச் சாட்சி. கடல் கடந்து போக விரும்பினால் தொழிலுக்கும் சாட்சி. என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தை, ஒரு வேலையை விட்டு விலகும் அன்றே கேட்டு வாங்குங்கள். பத்தாண்டு கழித்துக் கேட்டால் பட்டறையே இருக்காது.

நாம் ஏஜெண்டு என்ற பெயரைக் கேட்டாலே சீறுகிறவர்கள் அல்ல. அறிவும் நேர்மையும் உள்ள ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேவைப்படும் இடமும் இருக்கிறது. முன்பு விசா மறுக்கப்பட்டவர், குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், குடும்பத்தில் ஒருவருக்குக் கடும் நோய் உள்ளவர், பிரிந்த துணைவருடன் பிள்ளை உரிமைச் சிக்கல் உள்ளவர் ஆகியோர் சட்டம் அறிந்தவரைக் கேட்பதுதான் விவேகம். ஆனால் யாரைக் கேட்பது? ஆஸ்திரேலியாவுக்குள் கட்டணம் வாங்கி இந்த உதவி செய்கிறவர், வழக்கறிஞராக இல்லாவிட்டால், ஒமாரா என்ற அரசு அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு பெற்றவருக்கு ஏழு இலக்க எண் உண்டு; அந்தப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். விசா நிச்சயம் என்று அவர் வாக்குறுதி தரக்கூடாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லக்கூடாது. நடத்தை விதியே அதைத் தடுக்கிறது.

நம் ஊர் மாடியில் உட்கார்ந்திருப்பவரோ ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்கிறார். அவர் பதிவு பெற வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பதிவு பெறாத அவர் ஏமாற்றினால், பதிவை ரத்து செய் என்று முறையிட ஒமாராவில் இடமில்லை. ஆகவே முதல் கேள்வியாக எண்ணைக் கேளுங்கள். எண்ணை வாங்கி, அவர் கண் முன்னாலேயே பதிவேட்டில் பாருங்கள். "உறுதி" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுங்கள்! ஆளை அமர்த்தியே தீர வேண்டுமென்றாலும், கணக்கும் மின்னஞ்சலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். விசா வந்தது என்று சொன்னால், வீவோ என்ற அரசுத் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நீங்களே சரி பாருங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 65 மார்க் வாங்கினவர் எல்லாரையும் அழைப்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை இடம் என்று அரசு வரையறுக்கிறது. மார்க் கூடியவர் முன்னே போகிறார். எந்தத் தொழிலுக்குத் தேவை என்பதும் மாறுகிறது. போய்ச் சேர்ந்தாலும் எலக்ட்ரீசியன் மறுநாளே தனியாகக் கம்பியைத் தொட முடியாது. மாநில உரிமம் வேண்டும். அதற்கு முன் மேற்பார்வையில் வேலையும் குறைநிரப்பும் பயிற்சியும் உண்டு. இவற்றையெல்லாம் எடை போட்டு, போவதா இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. முழு விவரம் தெரிந்தால்தான் அது உரிமை. பாதியை மறைத்துச் சொல்லி அழைத்துப் போவது கங்காணி வேலை!

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? "நேராக மனுச் செய்" என்று உபதேசித்துவிட்டுப் போனால் போதாது. ஒரு தொழிலாளி தனியாக உட்கார்ந்தால் இருபது பக்க பாரம் மலையாகத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது காகிதமாகத் தெரியும். நம் கிளைகளில் படிப்பகம் இருக்கிறது. தொழிற்சங்க அலுவலகத்தில் மேசையும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு இதற்கென ஒதுக்கலாமே! கல்லூரியில் படிக்கும் தோழர்களின் பிள்ளைகள் விதியைப் படித்துச் சொல்லட்டும். முன்பே போனவர்கள் எந்தச் சான்று கேட்டார்கள், எங்கே தாமதமாயிற்று என்று எழுதி அனுப்பட்டும். ஆனால் எவருடைய பாரத்தையும் மற்றவர் நிரப்ப வேண்டாம். காசு வாங்கவே வேண்டாம். விதியைச் சேர்ந்து படியுங்கள்; மனுவை அவரவர் கையால் எழுதட்டும். படித்துக் காட்டுவது தோழமை. பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினால் நாமும் ஒரு மாடியில் போர்டு தொங்கவிட்டவர்களாகிவிடுவோம்.

அன்று நம் பாட்டன் கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் கடனோடு கப்பலேறினார். அவரை நாம் குறை சொல்லவில்லை. அவர் பட்ட பாட்டில்தான் நமக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோமென்றால் நாம் என்ன சொல்லிக்கொள்வது?

தொழில் நம்முடையது. பரீட்சை எழுதுவது நாம். கட்டணம் கட்டுவது நாம். கடல் கடப்பது நாம். பொய் இருந்தால் தண்டனை அனுபவிப்பதும் நாமே. மனுவில் பேனா பிடிக்கிற கை மட்டும் வேறொருவன் கையாக இருப்பானேன்?

படியுங்கள். புரியாததைக் கூடி உட்கார்ந்து கேளுங்கள். உண்மையை எழுதுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள்.